டேட்டா சயின்ஸும் பொருளாதாரக் கொள்கையும் சேர்ந்த முதுகலை: படித்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நானே ஆரம்பிக்கிறேன். ஊர் புதுவயல், அப்பாவுக்கு ரைஸ் மில்லில் வேலை, காரைக்குடியில் பி.எஸ்சி. கணிதம் படித்துவிட்டு வெளிநாட்டில் ஓராண்டு இந்தப் படிப்பை முடித்தேன். போன மாதம் மட்டும் மூன்று பேர் போன் பண்ணி, "அக்கா, இது கம்ப்யூட்டர் படிப்பா, எகனாமிக்ஸ் படிப்பா?" என்று கேட்டார்கள். படிக்கப் போவதற்கு முன்னால் நடந்த ஒன்றைச் சொல்கிறேன், எனக்கு இந்தப் படிப்பு அங்கேதான் தொடங்கியது.

டிகிரி முடித்த கையோடு நாலு மாதம் ஒரு சர்வேயில் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கும் வேலை பார்த்தேன். டேப்லெட்டில் கேள்வி வரும், கேட்டுவிட்டுப் பதிலை அமுக்க வேண்டும். நம்ம பக்கம் ஒரு ஊரில், ஒரு ஆச்சி முகப்பில் உட்கார்ந்து கொட்டான், அதாவது பனையோலைக் கூடை, பின்னிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு குண்டானில் தண்ணீர், அதில் ஊறப்போட்ட பனையோலை, சிவப்பும் பச்சையுமாகச் சாயம் ஏற்றியது. பேசும்போதும் விரல் நிற்கவில்லை. "ஆச்சி, வேலை ஏதும் பாக்குறீங்களா?" என்றேன். "இல்ல ஆத்தா, சும்மாதான் இருக்கேன்." நான் 'வேலை இல்லை' என்பதை அமுக்கிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அவர் கை ஓலையை மடிப்பதைப் பார்த்துக்கொண்டேதான் அமுக்கினேன்.

பத்தில் ஒரு வீட்டுக்கு இன்னொருவர் போய் அதே விஷயத்தை மறுபடி கேட்பார், பேக் செக் என்று பெயர். இந்த வீடும் அதில் வந்தது. சூப்பர்வைசர் அக்கா கேட்டது இப்படி: "போன ஏழு நாள்ல, ஒரு மணி நேரமாவது காசு வர்ற மாதிரி ஏதாவது செஞ்சீங்களா?" ஆச்சி கடகடவென்று சொல்லியிருக்கிறார், வாரத்துக்கு எத்தனை கொட்டான், கல்யாண மாதத்தில் எத்தனை, ஓலை யார் கொண்டுவந்து தருவது, யார் வந்து வாங்கிப்போவது எல்லாம். அன்று சாயங்காலம் என் பதிவையும் அவர் பதிவையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். திட்டவில்லை, அதனால்தான் இன்னும் மறக்கவில்லை.

ஏழு நாளில் ஒரு மணி நேரம் என்பது அவர் கண்டுபிடித்ததில்லை. 2017இல் தொடங்கிய பி.எல்.எஃப்.எஸ். என்ற தேசியத் தொழிலாளர் கணக்கெடுப்பில், அந்த வாரம் ஒருவர் வேலை செய்தாரா என்று பார்க்க வைத்திருக்கும் அளவுகோலே அதுதான். என்னை மாதிரி பத்துப் பேர் பத்து ஊரில் அவசரத்தில் அமுக்கினால், பெண்கள் வேலைக்கே போவதில்லை என்று ஒரு எண் வரும், அதை நம்பி யாரோ ஒரு திட்டம் போடுவார்கள். அப்புறம் எந்தக் கம்ப்யூட்டர் மாடலைப் போட்டாலும் அந்த ஆச்சி கணக்குக்குள் திரும்பி வரமாட்டார்.

படிப்பைப் பற்றி. முதல் பருவம் முழுக்க நிகழ்தகவு, புள்ளியியல், எகனாமெட்ரிக்ஸ் (பொருளாதாரத் தரவுக்கான புள்ளியியல்), ஆர் என்ற கம்ப்யூட்டர் மொழியில் கோடிங். கணிதம் படித்திருந்ததால் சமாளித்தேன். எனக்குக் கஷ்டமாக இருந்தது இரண்டு பக்கக் கொள்கைக் குறிப்புதான், புள்ளியியல் தெரியாத ஒரு அதிகாரி பத்து நிமிடத்தில் படித்து முடிவெடுக்கிற மாதிரி எழுத வேண்டும், எத்தனையோ முறை திருப்பிக் கொடுத்தார்கள். இரண்டாம் பருவத்தில் மெஷின் லேர்னிங், அதாவது பழைய தரவைப் பார்த்துக் கம்ப்யூட்டர் கணிக்கக் கற்பது, வந்தபோது ஒரு வித்தியாசத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்: யாருக்கு உதவி தேவைப்படும் என்று கணிப்பது ஒன்று, உதவி கொடுத்ததால் என்ன மாறியது என்று கண்டுபிடிப்பது முற்றிலும் வேறு ஒன்று.

இரண்டாவதற்கு நான் வகுப்பில் எடுத்துக்கொண்ட உதாரணம் நம் மகளிர் உரிமைத் தொகை. 2023 செப்டம்பர் 15இல் தொடங்கியது, அப்போது மாதம் 1,000 ரூபாய். அப்போதைய விதிப்படி ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், நிலத்துக்கு ஒரு வரம்பு, அப்புறம் வருடத்துக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் எரிக்கக் கூடாது. 3,550 யூனிட் எரித்த வீடும் 3,650 யூனிட் எரித்த வீடும் வசதியில் கிட்டத்தட்ட ஒன்றுதானே? ஆனால் மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும் ஒரு வீட்டுக்குக் கிடைக்கும், அடுத்த வீட்டுக்குக் கிடைக்காது. கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒட்டி நிற்பவர்களை மட்டும் ஒப்பிட்டால், அந்த 1,000 ரூபாய் என்ன செய்தது என்று ஓரளவு நம்பகமாகச் சொல்லலாம். இதற்கு ரிக்ரெஷன் டிஸ்கன்டினியுட்டி என்று பெயர். பெயர்தான் பெரிசு, கணக்கு இவ்வளவுதான். சரி, மற்றவர்கள் சொல்லுங்கள்.

தேவகோட்டைக்காரன் எழுதியது:

தங்கச்சி சொன்னதில் 'வீடு' என்ற சொல்லையே நான் பிடித்துக்கொள்கிறேன். நகரத்தாரான எங்களில் கல்யாணம் ஆனதும் மகனை வேறு வைப்பார்கள், ஒரே கூரை, தனி அடுப்பு, தனிச் செலவு. என் ஐயா காலத்தில் எங்கள் வீட்டில் ஐந்து அடுப்பு. சென்சஸில் ஒரே சமையலில் சாப்பிடுகிறவர்கள்தான் ஒரு குடும்பம், ஆக ஐந்து குடும்பம். நகராட்சிக்கு ஒரே கதவு எண். கோயில் வரிக்கு ஜோடி ஒவ்வொன்றும் ஒரு புள்ளி. நான் பத்து வருடம் கம்பெனியில் டேட்டா வேலை பார்த்துவிட்டு நாற்பதை நெருங்கும்போது இந்த முதுகலையில் சேர்ந்தவன். கம்பெனியில் அட்டவணையில் குடும்ப எண் என்று ஒரு பத்தி வந்தால் அப்படியே எடுத்துக்கொள்வேன், யார் எப்படிப் பிரித்தார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

இறுதி ஆய்வுக்குப் பர்மாவை எடுத்தேன். கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில், விவசாயிகளுக்குக் கடன் கொடுத்த எங்கள் செட்டியார்கள் கையிலிருந்த நிலம் 1930இல் 6 சதவீதம், 1938இல் 25 சதவீதம். இந்த இரண்டு எண்ணை மட்டும் பார்த்தால் திட்டமிட்டு வளைத்த மாதிரி தெரியும். பக்கத்தில் நெல் விலைப் பத்தியை வைத்தால், 1930க்குப் பிறகு விலை விழுந்து, கடனைக் கட்ட முடியாமல், ஈடாக வைத்த நிலம் கைமாறியது தெரியும். ரங்கூனில் வட்டிக்கடை வைத்திருந்தவர்களின் வழியில் வந்தவன் என்பதால் இதைச் சொல்லும்போது நான் கவனமாக இருந்தேன். விலை விழுந்ததுதான் காரணம் என்றாலும் நிலத்தை இழந்தவர் பர்மிய விவசாயி, அந்தப் பக்கத்தையும் எழுதாமல் ஆய்வை முடிக்க எனக்கு மனசு வரவில்லை.

பள்ளத்தூர் டீச்சர் எழுதியது:

நான் இன்னும் பாதியில் இருக்கிறேன். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் ஆன்லைனில் நடத்தும் டி.இ.டி.பி. பாடங்கள், டேட்டா, பொருளாதாரம், கொள்கை வடிவமைப்பு மூன்றும் சேர்ந்தது. மொத்தம் ஐந்து முடிக்க வேண்டும், தேர்வு உண்டு, கட்டணம் நம் வருமானத்தைப் பொறுத்தது. முடித்தவர்கள் அங்கே முதுகலைக்கு விண்ணப்பிக்கலாம், ஒரு பருவம் நேரில் போய்ப் படிக்க வேண்டும். பி.ஏ., பி.எஸ்சி. பட்டம் கட்டாயம் இல்லை என்பதை நிறையப் பேர் நம்புவதே இல்லை. 2019இல் மைக்கேல் கிரெமருடன் சேர்ந்து பொருளாதார நோபல் வாங்கிய அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் நடத்தும் வகுப்புகளை, பிள்ளைகள் தூங்கினதுக்கு அப்புறம் ஹாலில் உட்கார்ந்து கேட்கிறேன்.

நான் இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலராக இருந்தவள். சாயங்காலம் திண்ணையில் பாய் விரித்து, எழுத்தே மறந்துபோன மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அ, ஆ-விலிருந்து திரும்ப ஆரம்பித்தேன். படிக்க வந்த பிறகுதான் தமிழ்நாட்டுக் கிராமப் பிள்ளைகளைப் பற்றிய ஒரு ஆய்வு கைக்கு வந்தது: கொரோனாவில் இழந்த படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாதத்தில் மீண்டுவிட்டது, அப்படி மீண்டதில் ஏறக்குறைய கால் பங்கு இல்லம் தேடிக் கல்வியால். அட்டவணையில் அது ஒரே ஒரு வரி. அந்த வரிக்குள் எங்கள் திண்ணையும் இருக்கிறது என்று நினைத்தபோது அழுதுவிட்டேன்.

கானாடுகாத்தானிலிருந்து ஒரு அப்பா:

பொண்ணு பி.காம். இரண்டாம் வருடம், கணக்கு நன்றாக வரும். இதற்குப் போகலாமா? செலவு தாங்குமா என்று பயமாக இருக்கிறது.

புதுவயல்:

போகலாம் அண்ணே. ஆனால் இப்போதே பணம் கட்ட வேண்டாம். டீச்சர் அக்கா சொன்ன பாடங்களில் டேட்டா அனாலிசிஸ் ஒன்றை மட்டும் முதலில் எடுக்கச் சொல்லுங்கள், பி.காம்.மில் கால்குலஸ் அவ்வளவாக வந்திருக்காது, நிகழ்தகவில் தடுக்கும், அதற்குப் பிளஸ் டூ கணிதப் புத்தகம் போதும். அந்தப் பாடத்தைப் பிடித்து முடித்துவிட்டாள் என்றால் அப்புறம் ஸ்காலர்ஷிப், சென்னையா வெளிநாடா என்பதைப் பேசலாம். லீவில் எங்காவது சர்வே வேலை கிடைத்தால் பத்து நாளாவது அனுப்புங்கள். காரைக்குடி பஸ் ஸ்டாண்டுக்கு வரச் சொன்னால் நான் வந்து பார்க்கிறேன், என் பழைய நோட்டு எல்லாம் இருக்கிறது, எடுத்துக்கொள்ளட்டும்.