வாங்காத கடனுக்கு வசூல் போன்

தக்கலை வாசி: ராத்திரி ஒன்பது மணிக்கு அம்மாவுக்கு ஒருத்தன் போன் பண்ணி, ஆப்பில் வாங்கிய கடன் பாக்கி இருக்கிறது, இப்பவே ஜிபேயில் போடாவிட்டால் வீட்டுக்குப் போலீஸ் வரும் என்று மிரட்டுகிறான். அம்மாவுக்கு இருப்பது நகைக்கடன் மட்டும்தான். என்ன செய்ய?

மார்த்தாண்டம்: எந்த நிறுவனம், கடன் எண் என்ன, எழுத்தில் அனுப்பு என்று கேளுங்க. போலி என்றால் கத்த ஆரம்பிப்பான். காலை 8-க்கு முன்னும் இரவு 7-க்குப் பின்னும் வசூலுக்கு அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-லேயே சொல்லியிருக்கிறது.

குளச்சல் அண்ணன்: நேரத்தை மட்டும் நம்பாதீங்க, நிஜ ஏஜெண்டும் மீறுவான். சிபில் அறிக்கை (ஒருத்தர் பெயரில் உள்ள கடன்களின் விவரம்) வருஷத்துக்கு ஒரு தடவை இலவசம், அம்மா பெயரில் வேறு யாராவது கடன் எடுத்திருந்தால் அதில் தெரியும்.

நாகர்கோவில்: ஓடிபி, ஆதார் எதுவும் கொடுக்காதீங்க. பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் பண்ணுங்க.

தக்கலை வாசி: சரி, சிபில் முதலில் பார்க்கிறேன்.