கொடி தைத்த சட்டை

ஒபாமாவும் மெக்கெய்னும் மோதிய அமெரிக்க அதிபர் தேர்தல் பற்றி என் பங்குக்கு ஒன்று. 2008-ல் நான் வர்ஜீனியா மாநிலம் ரிச்மண்டில் ஹெச்-1பி வேலை விசாவில் இருந்தேன். ஓட்டு கிடையாது, வேடிக்கை மட்டும்தான். உள்நாட்டுப் போரில் அடிமைமுறையைக் காப்பாற்றப் பிரிந்துபோன தென் மாநிலங்களுக்குத் தலைநகராக இருந்த ஊர் அது. வேலைக்குப் போகிற வழியில் தினமும் அந்தத் தென் படைத் தளபதி ஜெனரல் லீ சிலையாகக் குதிரைமேல் உட்கார்ந்திருப்பார். (2021-ல்தான் இறக்கினார்கள்.)

அலுவலக வாசலில் செக்யூரிட்டியாக இருந்தவர் கறுப்பர். வயது அறுபத்திச் சொச்சம், பழைய ராணுவத்துக்காரர். டிவியைப் போட்டாலே அப்போது ஒபாமா ஏன் கோட்டில் அமெரிக்கக் கொடி 'பின்' குத்தவில்லை என்ற பேச்சுதான். போதாக்குறைக்கு மார்ச்சில் அவருடைய பாதிரியார் ஜெரமையா ரைட் அமெரிக்காவைச் சாடிய வீடியோ வேறு. ஒருநாள் லிஃப்டுக்கு நின்றபோது சும்மா இருக்காமல், "அந்தப் பின்னைக் குத்திட்டுத்தான் போனா என்னவாம்?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் தோளைத் திருப்பிக் காட்டினார். யூனிஃபார்மில் கொடி தைத்திருந்தது. ஒரு மூலையில் நூல் பிரிந்து சுருண்டிருந்தது.

"இது கம்பெனி தைச்சது. வேலையை விட்டா சட்டையோட திருப்பிக் கொடுத்துடணும். நான் ராணுவத்துலேர்ந்து திரும்பினது 66-ல. அப்போ இங்க ஒரு வெள்ளைக்காரப் பொண்ணைக் கட்டியிருந்தேன்னா நேரா ஜெயில். நான் எதைக் குத்திக் காட்டணும், சொல்லு?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அன்று இரவு தேடிப் படித்தேன். கறுப்பு-வெள்ளைக் கலப்புமணம் செய்த லவிங் தம்பதி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1967-ல் அடித்துப்போடும் வரை வர்ஜீனியாவில் அதுதான் சட்டம். ஒபாமாவின் கறுப்பர் அப்பா, வெள்ளைக்கார அம்மா கல்யாணம் 1961-ல். நல்லவேளை, அந்தத் தடை இல்லாத ஹவாயில் நடந்தது.

நம்மாட்கள் கதையையும் சொல்லிவிடுகிறேன். அக்டோபரில் ஒரு பாட்லக், ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் விருந்து. இருபது வருஷமாக அங்கேயே இருக்கும் அண்ணன் ஒருவர், சிட்டிசன். சாம்பார் கரண்டியை ஆட்டிக்கொண்டே, "கருப்பனுக்கு எந்த வெள்ளைக்காரன் தம்பி ஓட்டுப் போடுவான்? வைல்டர் கதை தெரியும்ல?" என்றார். டக்ளஸ் வைல்டர் 1989-ல் இதே மாநிலத்தில் கவர்னராக ஜெயித்த கறுப்பர். கருத்துக்கணிப்பில் நன்றாக முன்னால் இருந்தவர், எண்ணும்போது ஏழாயிரத்துக்கும் குறைவான ஓட்டில்தான் தப்பித்தார். அண்ணன் சொன்னதில் விஷயம் இல்லாமல் இல்லை.

"சரிண்ணே, நீங்க யாருக்குப் போடுறீங்க?"

"அதான்... யோசிக்கணும்."

2006-ல் செனட்டர் ஜார்ஜ் ஆலன் ஓர் இந்திய வம்சாவளிப் பையனைக் கூட்டத்தில் 'மக்காக்கா' (குரங்கு என்கிற வசை) என்று விளித்தபோது குதிகுதி என்று குதித்தவர் இதே அண்ணன்தான்.

பக்கத்து வீட்டு வெள்ளைக்காரத் தாத்தா வியட்நாம் போனவர், மெக்கெய்ன் கட்சி. காலையில் கொடியை ஏற்றி, பொழுது சாய்ந்ததும் இறக்கி முக்கோணமாக மடிப்பார். மடிப்பு பிசகினால் பிரித்துவிட்டு மறுபடி மடிப்பார். "உன் ஆளோட நடுப்பேரு ஹுசைன், தெரியுமா?" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்பார். ஒபாமா எப்போது என் ஆள் ஆனார் என்று புரியவில்லை, என் நிறம்தான் காரணமோ என்னவோ. மின்னசோட்டா கூட்டத்தில் ஒரு அம்மா ஒபாமாவை அரபு என்றதும் மெக்கெய்ன் மைக்கை வாங்கி, இல்லையம்மா, அவர் கண்ணியமான குடும்பஸ்தர் என்று மறுத்தாரே, அதற்கப்புறம் ஹுசைன் பேச்சை விட்டுவிட்டார். ஓட்டு மட்டும் மெக்கெய்னுக்குத்தான்.

நவம்பர் 4. செக்யூரிட்டி விடிகாலை நாலரைக்கே வரிசையில் போய் நின்றாராம், சாவடி திறப்பது ஆறு மணிக்கு. இரவு பதினொன்றுக்கு ஒபாமா ஜெயித்தது தெரிந்துவிட்டது. 1964-க்குப் பிறகு அதிபர் தேர்தலில் வர்ஜீனியா ஒபாமாவின் ஜனநாயகக் கட்சிப் பக்கம் சாய்ந்தது அன்றுதான். மறுநாள் அவர் கண் சிவந்திருந்தது. என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் கதவைத் திறந்துவிட்டார்.

தாத்தா வீட்டுக் கம்பம் ஒரு வாரம் மொட்டையாக நின்றது. 11-ஆம் தேதி, முன்னாள் படைவீரர் தினத்தன்று, கொடி ஏறியிருந்தது. ஏன் என்று நான் கேட்கவில்லை.

அண்ணன் மட்டும் அந்தச் சனிக்கிழமையே போன் போட்டுவிட்டார். "நான்தான் அப்பவே சொன்னேன்ல தம்பி!"