பவளக்கொடியின் பால் ஏன் கொட்டுகிறது?

வெள்ளவத்தை அம்மா: மகள் முன்பள்ளியில் பவளக்கொடிப் பாட்டைப் பாடமாக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். பருத்தித்துறைப் பெண், பால் விற்ற காசில் முட்டை வாங்கி, கோழி வளர்த்து, நல்ல உடுப்பு உடுத்துவேன் என்று நினைத்துத் தலையை ஆட்ட, பால் எல்லாம் கொட்டிப் போகிறது. ஆடிப்பிறப்புப் பாட்டிலும் கொழுக்கட்டை அவிப்பது அம்மாதான். ஆசைப்பட்டால் கொட்டும், வீட்டில் இருந்தால் அடுப்படி. நாலு வயதுப் பெண்பிள்ளைக்கு வேறு என்ன மனதில் ஏறும்?

பழைய வாத்தியார்: தங்கச்சி, இந்த இரண்டு பாட்டையும் எழுதிய சோமசுந்தரப் புலவர் 1953இல் காலமானவர். அந்தக் காலத்திலேயே ஒரு பெண்பிள்ளையைத் தனியாக வியாபாரத்துக்கு அனுப்பி, முதல் போட்டு லாபம் பார்க்கிற கணக்கையும் அவள் வாயால் சொல்ல வைத்திருக்கிறார். கதையும் பெண்களை மட்டம் தட்டக் கட்டியது இல்லை. பஞ்சதந்திரத்தில் இதே மாதிரிப் பகற்கனவு கண்டு மாப்பானையை உடைத்தவன் ஒரு ஆண். கொழும்பில் எங்கட பிள்ளைகளுக்கு நாலு தமிழ்ப் பாட்டுத் தெரிந்திருப்பதே பெரிய காரியம், அதிலும் கைவைக்காதீர்கள்.

கொட்டாஞ்சேனை வாசகன்: பஞ்சதந்திரத்தை எடுத்தது நல்லது ஐயா. அந்த ஆள் நினைத்தது என்ன? ஆடு, மாடு, குதிரை, வீடு, கல்யாணம், மகன். கடைசியில், பிள்ளையைக் கவனிக்காத மனைவியை உதைப்பதாக நினைத்துக் காலை வீசித்தான் பானையை உடைக்கிறான். பவளக்கொடிக்கோ மற்றப் பெண்கள் தன் உடுப்பைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டு பேருக்கும் நட்டம் ஒன்று, ஆனால் ஆணின் ஆசை சொத்தும் அதிகாரமும், பெண்ணின் ஆசை சேலை துணி. இதைத்தான் பிள்ளைகளோடு பேச வேண்டும்.

வெள்ளவத்தை அம்மா: பாட்டை நிறுத்தச் சொல்லவில்லை. புலவர் தன் காலத்தை எழுதினார், சரி. காலி வீதியில் நான் வாங்கிய புதுப் படப்புத்தகத்துக்கு என்ன சாட்டு? பக்கத்துக்குப் பக்கம் அப்பா சாய்மனைக் கதிரையில் பேப்பரோடு, அம்மா அகப்பையோடு. 1960இலேயே உலகின் முதல் பெண் பிரதமர் வந்த நாடு இது. என் வீட்டுச் செலவு என் சம்பளத்தில் போகிறது, அந்தப் புத்தகத்தில் ஒரு பெண்ணாவது பஸ் ஏறி வேலைக்குப் போகவில்லை.

பழைய வாத்தியார்: புதுசுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் அடுப்படியில் நிற்கிற அம்மாவைப் புத்தகத்தில் இருந்து தூக்கினால், எங்களை வளர்த்த தாய்மாரின் உழைப்பும் அதோடு காணாமல் போகும். அதுவும் அநியாயம்.

வெள்ளவத்தை அம்மா: அவ நிற்கட்டும் ஐயா. அப்பாவைக் கதிரையால் எழுப்பித் தேங்காய் துருவ விடுங்கள்.