அணுக்கருக்கள் தளர்கின்றனவா, மீள்கின்றனவா, ஆறுகின்றனவா?

அன்புடையீர், வணக்கம். மருத்துவ இயற்பியல் கையேட்டின் எம்.ஆர்.ஐ. இயலை வெள்ளிக்கிழமைக்குள் அச்சுக்குத் தரவேண்டும். 1.5 டெஸ்லா காந்தப் புலத்தில் ஏறத்தாழ 64 மெகாஹெர்ட்ஸ் ரேடியோத் துடிப்பால் கிளர்ந்த ஹைட்ரஜன் அணுக்கருக்கள் பழைய நிலைக்குத் திரும்புவதை 'ரிலாக்சேஷன்' என்கிறோம். இதைத் 'தளர்வு' என்று எழுதியிருந்தேன். ஆனால் அதே பக்கத்தில் 'உடலைத் தளர்த்திப் படுங்கள்' என்று நோயாளிக்குச் சொல்லும் வரியும் வருகிறது. 'மீள்வு' பொருந்துமா?

—

ஐயா, பாதிதான் பொருந்தும். டி1 என்பது புலத்தின் திசையில் காந்தமாக்கம் மறுபடி வளர்வதற்கான காலம், அங்கே மீள்கிறது. டி2 என்னும் மற்றொரு காலத்திலோ கருக்களின் கட்ட ஒருமை, அதாவது ஒரே தாளத்தில் சுழலும் நிலை, குலைந்து குறுக்குத் திசைக் காந்தமாக்கம் அழிகிறது. அழிவதை மீள்வு என்பது எங்ஙனம்? 'மீட்சி'யைப் பள்ளி நூல்கள் மீட்சிப் பண்புக்கு (எலாஸ்டிசிட்டி) எடுத்துக்கொண்டுவிட்டன. 'ஆறுதல்' என்பது என் பரிந்துரை. 'ஆறுவது சினம்' என்றார் ஔவையார். சினம், புண், காய்ச்சிய பால் என்று கிளர்ந்தது அடங்கும் இடமெல்லாம் இவ்வினையே வருகிறது. நதியைக் குறிக்கும் ஆறும் வழியைக் குறிக்கும் ஆறும் இதே வேரில் கிளைத்தவையா என்பதைத் தனி மடலில் விரிவாக எழுதுவேன்.

—

புலவர் ஐயா, அந்த மடலுக்குக் காத்திருக்கிறேன், அச்சகம் காத்திராது. மூளைத் தண்டுவட நீர் டி1 படத்தில் கருமையாகவும் டி2 படத்தில் வெண்மையாகவும் தெரிவதற்கு அதன் இரு காலங்களுமே நீண்டவை என்பது காரணம். இதை 'நீருக்கு ஆறுதல் நேரம் அதிகம்' என்று எழுதினால் மாணவர்கள் சிரிப்பார்கள்.

—

இலங்கையில் நாங்கள் எம்.ஆர்.ஐ.யில் வரும் 'ரெசனன்ஸ்', அதாவது 'ஒத்ததிர்வு' என்பதைப் 'பரிவு' என்றே படித்தோம். அது இரக்கத்தையும் குறிக்கும் என்பதால் எவரும் குழம்பியதில்லை. பரிவுக்குப் பின் ஆறுதல் வருவதும் இயல்பே! ஆனால் இந்த நியாயம் 'தளர்வு'க்கும் பொருந்துகிறதே. வழக்கில் உள்ளதை ஏன் விடவேண்டும்?

—

அனைவருக்கும் நன்றி. டி1-க்கு 'நீள்திசைத் தளர்வு', டி2-க்கு 'குறுக்குத் திசைத் தளர்வு' என்றே அனுப்புகிறேன். நோயாளிக்கான வரியை 'உடலை இறுக்காமல் அசையாது படுங்கள்' என்று மாற்றிவிட்டேன்.

—

'ஆறுதல்' என்று பரிந்துரைத்த என் மறுப்பைப் பதிவுசெய்க. தளர்தல் வலிமை குன்றுதல். டி1-இல் காந்தமாக்கம் வலுப்பெறுகிறது. வலுப்பெறுவதைத் தளர்வு என்று மாணவனுக்கு எவ்வாறு விளக்குவீர்கள் என்பதற்கு இதுவரை எவரும் விடை தரவில்லை.