ஒண்டிப்புதூர் வீட்டுக் குழுவில் ஒரு கயிறு

கார்த்திக்: நித்யா அக்கா, அடுத்த மாதம் நண்பர்களோடு சயான் தேசியப் பூங்காவின் பைன் கிரீக் பள்ளத்தாக்கில் இறங்குகிறோம். பாறை ஏறப் பயன்படுத்தும் 70 மீட்டர் கயிறு என்னிடம் இருக்கிறது. அதுவே போதும்தானே?

நித்யா: நீளம் போதும், கயிறு சரியில்லை. ஏறும்போது கைநழுவி விழுபவரைத் தாங்க, அது நீளும்படி நெய்யப்பட்டது. வெறுமனே தொங்கினாலே நூற்றுக்கு ஏழெட்டு பங்கு நீண்டுவிடும். 30 மீட்டர் இறக்கத்தில் அது இரண்டு மீட்டருக்கு மேல்! நீ இறங்கும்போது கயிறு நீண்டு சுருங்கிப் பாறை விளிம்பில் ஒரே இடத்தில் உரசிக்கொண்டே இருக்கும்.

பெரியம்மா: எங்கே இறங்குகிறாய் கண்ணு? ஏன் இறங்குகிறாய்?

கார்த்திக்: அமெரிக்காவில், யூட்டாவில், பெரியம்மா. விளையாட்டுக்குத்தான்.

பெரியம்மா: விளையாடப் பள்ளத்தாக்குதான் கிடைத்ததா?

கார்த்திக்: அக்கா, அப்படியானால் அதிகம் நீளாத ஸ்டேடிக் கயிறு வாங்குகிறேன். ஒன்று 22 கிலோநியூட்டன், இன்னொன்று 30. விலை ஏறக்குறைய ஒன்றுதான். 30 போட்டதை வாங்கிவிடட்டுமா?

நித்யா: அந்த எண்ணைப் பார்த்து வாங்காதே. 22 கிலோநியூட்டன் என்றால் இரண்டு டன்னுக்கு மேல் தாங்கும். நீ 75 கிலோ. இழுத்து அறுக்க உன்னால் முடியாது. கயிற்றைக் கெடுப்பது பாறையும் மணலும்தான். சயான் முழுக்க மணற்பாறை. கயிற்றின் உள்கருவைச் சுற்றி நெய்த வெளி உறை நனைந்து அதில் மணல் ஏறிவிட்டால் கயிறே உப்புத்தாளாகிவிடும். எந்த நூல், எவ்வளவு இறுக்கமாக நெய்த உறை என்று பார்.

பெரியப்பா: நூல் என்று சொன்னதால் வந்தேன். முப்பது வருடம் அதைத்தானே தொட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் கயிறு நைலானா, பாலியஸ்டரா?

கார்த்திக்: 30 போட்டது முழுக்க நைலான், பெரியப்பா. மற்றது உறையும் உள்கருவும் பாலியஸ்டர்.

பெரியப்பா: தண்ணீரில் நனையும் வேலை என்றால் பாலியஸ்டர். சாதாரணக் காற்றிலேயே நைலான் தன் எடையில் நூற்றுக்கு நான்கு பங்கு ஈரம் பிடிக்கும். பாலியஸ்டர் அரைப் பங்குகூடப் பிடிக்காது. ஈரம் பிடித்த நைலான் பலம் குறையும், கூடுதலாக நீளும். வெயிலையும் பாலியஸ்டர் நன்றாகத் தாங்கும்.

நித்யா: பெரியப்பா சொல்வதுதான் சரி. அங்கே குளம் குளமாகத் தண்ணீர் கிடக்கும், வெயில் நுழையாத இடுக்குகளில் கோடையிலும் உறையும் குளிர். நனைந்து கனத்த கயிற்றைப் பையில் சுமந்து நீந்த வேண்டும்.

கார்த்திக்: டைனீமா என்று ஒரு நூலில் கயிறு விற்கிறார்களே? எடை மிகக் குறைவு.

பெரியப்பா: பலம் பயங்கரம், சூடு ஆகாது. 145 டிகிரி அளவிலேயே உருகும். பாலியஸ்டர் 260 வரை போகும். இறங்கும் கருவி உரசிச் சூடேறும் அல்லவா?

நித்யா: ஏறும். அதனால் அது உள்கருவில் இருந்தால் பரவாயில்லை, உறையில் வேண்டாம். சூடு தாங்க டெக்னோரா என்ற நூலில் உறை போட்ட கயிறுகளும் உண்டு. விலை அதிகம், முதல் கயிறுக்குத் தேவையில்லை.

கார்த்திக்: தடிமன்? 8 மில்லிமீட்டர் எடுத்தால் பை இலகுவாக இருக்கும்.

நித்யா: உன் கருவி எந்தத் தடிமனுக்கு என்று அதன் மேலேயே பொறித்திருக்கும், முதலில் அதைப் படி. புதுக் கயிறு வழுக்கும். மெல்லிய ஒற்றைக் கயிறு பிடி கொடுக்காமல் ஓடும், கையுறையே சுடும். 9 மில்லிமீட்டர் வாங்கு. மூன்றரை கிலோ வரும், நான்கு பேர் மாறி மாறிச் சுமங்கள்.

பெரியப்பா: உறை தேயுமே, பாறை தேயுமா? நம் தோட்டத்துக் கிணற்று மேட்டுக் கல்லில் கயிறு அறுத்த தடம் விரல் நுழையும் ஆழத்துக்கு இருக்கும்.

நித்யா: அங்கேயும் அதே கதைதான் பெரியப்பா. பழைய இறக்கங்களின் விளிம்பில் வரிவரியாகத் தடம் இருக்கும். அதில் கயிறு சிக்கிக்கொண்டால், எல்லோரும் இறங்கியபின் அதைக் கீழிருந்து இழுத்து எடுக்க வராது.

நித்யா: கார்த்தி, நீளம். பைன் கிரீக்கின் கடைசி இறக்கம் சுமார் 100 அடி, பாதிக்கு மேல் அந்தரத்தில் தொங்குவாய். 200 அடிக் கயிற்றை இரட்டையாக மடித்துப் போட்டால் ஓர் அடிகூட மிச்சமில்லை. நனைந்து காய்ந்தால் சுருங்கவும் செய்யும். ஒற்றையில் இறங்கி, பிறகு அதைக் கீழே இழுத்து எடுக்க 6 மில்லிமீட்டர் துணைக் கயிறு போடலாம். அது என்னிடம் இருக்கிறது, தருகிறேன். நிறம் வேறாக இருப்பது முக்கியம். கீழே நின்றுகொண்டு தவறான கயிற்றை இழுத்துவிட்டால் வேலை இரட்டிப்பு.

பெரியம்மா: அந்த ஊரில் வெள்ளம் வந்து ஆட்கள் போனார்கள் என்று எப்போதோ செய்தியில் பார்த்தேன்.

நித்யா: உண்மைதான் பெரியம்மா. 2015 செப்டம்பரில், அதே பூங்காவின் கீஹோல் பள்ளத்தாக்கில் ஏழு பேர். எந்தக் கயிறும் அதற்கு உதவாது. மழை எச்சரிக்கை இருந்தால் இவர்களை இறங்க விடமாட்டேன், நானும் கூடவே போகிறேன்.

பெரியம்மா: நீயும் போகிறாயா! சரி, அப்படியானால் இரண்டு பேரும் மேலே வந்ததும் ஒரு போன்.

கார்த்திக்: கீழே வந்ததும், பெரியம்மா. மேலே ஏறி வருவதில்லை. அக்கா, பாலியஸ்டர், 9 மில்லிமீட்டர், 200 அடி. ஆர்டர் போடுகிறேன்.

நித்யா: பூங்கா அனுமதிச் சீட்டு கிடைத்ததா?

கார்த்திக்: இன்னும் இல்லை.

நித்யா: அதை முதலில் எடு.

பெரியப்பா: கயிறு வந்ததும் தண்ணீரில் ஊறவைத்து நிழலில் காயப்போடு, சுருங்குவது அப்போதே சுருங்கட்டும். பிறகு எப்போதாவது தேய்ந்த முனையை வெட்டினால் தூக்கி எறியாதே, ஊருக்கு வரும்போது கொண்டுவா. உறையைப் பிரித்து எத்தனை இழை என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.