முதுகுவலியோடு செவிலியர் பணி: எங்கள் அனுபவங்கள்

எலும்பு முறிவு வார்டு செவிலியர், தென் தமிழ்நாடு:

எனக்குக் கீழ்முதுகில் எல்4, எல்5 எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் டிஸ்க் பிதுங்கியிருக்கிறது. ஸ்கேனைப் பார்த்த மருத்துவர் "பாரம் தூக்க வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்தார். எங்கள் வார்டில் பாரம் என்பதே நோயாளிகள்தானே! இடுப்பெலும்பு முறிந்த பாட்டியை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப்புண் வந்துவிடும். அதைத் தள்ளிப்போட முடியாது.

அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நயோஷ், ஒருவர் கையால் தாங்கும் நோயாளியின் எடை 35 பவுண்டைத் தாண்டக் கூடாது என்கிறது. ஏறத்தாழ 16 கிலோ. எண்பது கிலோ ஆளின் ஒரு காலையும் அதன் மாவுக்கட்டையும் சேர்த்தாலே அந்த அளவை நெருங்கிவிடும். நாமோ முழு ஆளையே அக்குளில் கை கொடுத்து மேலே இழுத்துக்கொண்டிருக்கிறோம். "நர்ஸ் வேலைக்கு வந்தால் இடுப்பு வலிக்கத்தான் செய்யும்" என்று மூத்தவர்கள் சொல்லும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். வலி இந்த வேலையோடு பிறந்ததல்ல. ஆள் போதாததாலும் கருவி இல்லாததாலும் வருவது. பொது மருத்துவமனையில் 5 நோயாளிகளுக்கு ஒரு செவிலியர், கற்பிக்கும் மருத்துவமனையில் 3 பேருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். இரவு டூட்டியில் ஒரு வார்டை எட்டிப் பார்த்தால் நிலைமை புரியும்.

நான் இப்போது யாரையும் தனியாகத் திருப்புவதில்லை. நோயாளிக்கு அடியில், தோளிலிருந்து தொடைவரை ஒரு விரிப்பை மடித்துப் போடுவேன். எதிர்ப்பக்கம் இன்னொருவர் நிற்பார். செவிலியர் இல்லையென்றால் பணியாளர், அவரும் இல்லையென்றால் உடனிருக்கும் உறவினர். விரிப்பின் ஓரத்தை நோயாளியின் உடலை ஒட்டும்வரை சுருட்டிப் பிடித்து, ஒரு காலை முன்வைத்து, முழங்காலை மடக்கி, மூன்று எண்ணி இருவரும் சேர்ந்து இழுப்போம். தூக்குவதில்லை, நகர்த்துகிறோம். வித்தியாசத்தை இடுப்பு உடனே சொல்லிவிடும்.

இன்னொன்று, ஸ்டூல். எங்கள் இரும்புக் கட்டில்கள் தாழ்வானவை, உயரத்தைக் கூட்ட வழியில்லை. ஊசி ஏற்ற நரம்பு தேடிக் குனிந்து நிற்கும் அந்தச் சில நிமிடங்கள்தான் எனக்குத் தூக்குவதைவிடக் கொடுமை. அதனால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "வார்டில் நோயாளி முன்னால் நர்ஸ் உட்காரலாமா?" என்று மேற்பார்வையாளர் எல்லோர் முன்னிலும் கடிந்துகொண்டார். மருத்துவர் கொடுத்த சீட்டைக் காட்டினேன். அதற்குப் பிறகும் முகம் சுளித்தார், நான் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்து போடும்போது கை நடுங்காமல் இருப்பதால் நோயாளிக்கும் நல்லதுதான்.

டிப்ளமா நர்சிங் இறுதியாண்டு மாணவி:

அக்கா, எனக்குச் சிறு வயதிலிருந்தே முதுகுத்தண்டில் வளைவு உண்டு. வார்டு பயிற்சி முடித்து விடுதிக்கு வந்தால் இரவில் புரண்டு படுக்கக்கூட முடிவதில்லை. "இதை விட்டுவிட்டு லேப் டெக்னீஷியன் படிப்பில் சேர்" என்கிறார் அம்மா. ஆனால் எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது. தொடர முடியுமா?

பிரிட்டனில் பணிபுரியும் செவிலியர்:

தங்கைக்கு என் அனுபவத்தைச் சொல்கிறேன். ஊரில் ஐசியு வேலையில்தான் எனக்கு வலி தொடங்கியது. இங்கே சேரும்போது உடல்நலப் படிவத்தில் அதை மறைக்காமல் எழுதினேன். வேலை போய்விடும் என்று தோழிகள் பயமுறுத்தினார்கள். போகவில்லை. பணியாளர் நலப் பிரிவில் பேசி, சில மாதங்களுக்கு என்னை எங்கே போடலாம், எதைச் செய்யக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார்கள். ஆபத்தான பாரம் தூக்கலை இயன்றவரை தவிர்க்க வேண்டும் என்று 1992ஆம் ஆண்டிலிருந்தே இங்கு விதிமுறை இருக்கிறது. எழ முடியாத நோயாளியைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்ற, துணித் தொட்டிலில் வைத்துத் தூக்கும் இயந்திரம் உண்டு. நான் முதன்முதலில் அதை இயக்கியபோது, ஊரில் எத்தனை பேரைக் கையாலேயே தூக்கினோம் என்று நினைத்து அழுகை வந்துவிட்டது.

ஆனால் இங்கும் வலி ஒழிந்துவிடவில்லை. வீடுகளுக்குச் சென்று காலில் ஆறாத புண்ணுக்குக் கட்டுப் போடும்போது தரையில் மண்டியிட வேண்டியிருக்கிறது. குளிர்காலக் காலைகளில் எழுந்து நிற்கவே நேரமாகிறது.

எலும்பு முறிவு வார்டு செவிலியர்:

தங்கையே, முடியுமா என்பதை எலும்பியல் மருத்துவர் உன் எக்ஸ்ரேயைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். வளைவு எவ்வளவு, கூடுகிறதா என்று கேள். ஆனால் நர்சிங் என்றால் வார்டு மட்டும்தான் என்று அம்மா நினைக்கிறார்கள் போலிருக்கிறது. புறநோயாளிகள் பிரிவு, நீரிழிவு, ரத்த அழுத்த கிளினிக், நோய்த்தொற்றுக் கட்டுப்பாடு ஆகியவையும் நம் வேலைதான். டிப்ளமா முடித்தபின் 2 ஆண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. என்ற பட்டப்படிப்பைப் படித்தால் கற்பிக்கும் பக்கமும் போகலாம். அறுவை அரங்கம் லேசானது என்று சிலர் சொல்வார்கள், நம்பாதே. மணிக்கணக்கில் நிற்க வேண்டும். இடுப்பு பெல்ட்டை மாட்டிக்கொண்டு பாரம் தூக்கலாம் என்பதையும் நம்பாதே. பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரும் பயிற்சிகளை விடாமல் செய். எனக்குப் பலன் கொடுத்தது அதுதான்.

கால் மரத்துப் போனாலோ, பாதம் தளர்ந்தாலோ, மறைவிடத்தைச் சுற்றி உணர்ச்சி குறைந்தாலோ, சிறுநீரை அடக்க முடியாவிட்டாலோ, சிறுநீரே வராவிட்டாலோ டூட்டி முடியட்டும் என்று காத்திருக்காதே. அந்த நிமிடமே அவசரப் பிரிவுக்குப் போ. நோயாளிக்கு அந்த அறிகுறி இருந்தால் நாம் ஓடிப் போய் மருத்துவரை அழைக்கிறோம் அல்லவா, நமக்கு வந்தால் மட்டும் மாத்திரை போட்டுக்கொண்டு நிற்கிறோம்.

பயிற்சிப் பொறுப்பாளரிடம் உன் வளைவைப் பற்றி எழுத்தில் கொடுத்துவிடு. மருத்துவர் சீட்டின் நகலையும் சேர்த்துக் கொடு. அடுத்த முறை வார்டு ஒதுக்கும்போது அதைக் காட்டிக் கேட்கலாம்.