தாக்குதலுக்குப் பிறகு ஊர் திரும்புவோருக்கான குறிப்பு: உதவி வேண்டும்

வேலூர் நண்பர்களே, வெளிநாட்டில் குண்டுவெடிப்பு நேரத்தில் மாட்டிக்கொள்ளும் பயணிகளுக்காக ஒரு பக்கக் குறிப்பு எழுதுகிறோம். 2019 ஏப்ரல் 21 இலங்கைத் தாக்குதலின்போது ஊரடங்கு போட்டார்கள், வாட்ஸ்அப்பையும் முடக்கினார்கள். அதனால் ரோமிங் பேலன்ஸ், தாளில் எழுதிய தூதரக எண், பாஸ்போர்ட் நகல் என்று அந்தப் பகுதி முடிந்தது.

இழுப்பது ஊர் திரும்பிய பிறகு வரும் பகுதிதான். தூக்கம் கெடும், பட்டாசு வெடித்தால் தூக்கிவாரிப் போடும், தான் மட்டும் தப்பியதே குற்றமாய் உறுத்தும். செய்திக் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்த்தால் இன்னும் கூடும். (மந்திரிக்கக் கூட்டிப்போனால் தடுக்காதீர்கள், டாக்டரிடமும் போகட்டும்.) ஒரு மாதம் தாண்டியும் விடாவிட்டால் பாகாயம் சிஎம்சி மனநல மையம், அல்லது 14416 (அரசின் இலவச மனநல உதவி எண்).

ஆம்பூர், மேல்விஷாரம் குடும்பங்களுக்காக இதை உருதுவில் எழுதித்தர யாராவது இருக்கிறீர்களா? குடியாத்தம் பக்கம் மனநல ஆலோசகர் தெரிந்தாலும் சொல்லுங்கள்.